ஏ.எஃப்.: பக்கவாதத்துக்கு ஒரு முடிவு, துடிப்புக்கு இன்னொரு முடிவு

(பேச்சின் திருத்திய எழுத்து வடிவம்)

வேதாரண்யத்துலேர்ந்து பேசறேன். வயசு 66. அகஸ்தியம்பள்ளி உப்பளத்துல முப்பது வருஷம் கணக்கு எழுதினவன். நான் டாக்டர் இல்லை, நோயாளி. எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கு. சுருக்கமா ஏ.எஃப்.னு சொல்வாங்க. அதிலேயும் தானா நிக்காத வகை. வர்ற தை மாசம் ஒரு சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருக்கேன். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன்னு சொன்னா, இதே நோய் இருக்கிறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னுதான் பேச ஒத்துக்கிட்டேன்.

முதல்ல நோய் என்னன்னு பார்த்துடுவோம். இதயத்துல மேலே ரெண்டு அறை, கீழே ரெண்டு அறை. மேலறை சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளும், கீழறை உடம்புக்குத் தள்ளும். ஏ.எஃப்.ல மேலறை சுருங்கறதே இல்லை. நிமிஷத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல வெறுமனே நடுங்குது. அந்த மின்சாரக் குழப்பத்துல கொஞ்சம் கொஞ்சம் கீழே கசியும். அதனால நாடி வேகமாவும் இருக்கும், ஒழுங்கில்லாமலும் இருக்கும். ஓட்டுக் கூரையில மழை தூற ஆரம்பிக்கிறப்போ கேட்கிற சத்தம் மாதிரின்னு வெச்சுக்கங்க. அடுத்த சொட்டு எப்ப விழும்னு சொல்ல முடியாது.

வந்துட்டு ஏழு நாளுக்குள்ள தானா சரியானா அது விட்டு விட்டு வர்ற வகை. ஏழு நாளைத் தாண்டியும் நின்னா நீடிக்கிற வகை, பெர்சிஸ்டென்ட்னு சீட்டுல எழுதுவாங்க. என்னுது ரெண்டாவது.

எனக்கு நெஞ்சுவலியெல்லாம் வரலை. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து பி.பி. பார்க்கிற அம்மாதான், "ஐயா, மிஷின்ல துடிப்பு சரியில்லைன்னு காட்டுது, ஒரு ஈசிஜி எடுத்துருங்க"ன்னு சொன்னாங்க. போன மாசி மாசம் அது. அதுக்கு முன்னாடியே சைக்கிள் மிதிச்சா மேல்மூச்சு வாங்கிக்கிட்டுத்தான் இருந்தது. வயசாயிடுச்சுன்னு வீட்டுல எல்லாரும் பேசிக்கிட்டோம். ஈசிஜி எடுத்தா நிமிஷத்துக்கு 130. அப்புறம் தஞ்சாவூர்ல இதய டாக்டர், எக்கோ, ரத்தப் பரிசோதனை, தைராய்டு பரிசோதனை. தைராய்டு அதிகமா சுரந்தாலும் ஏ.எஃப். வரும், அதனால அதையும் பார்ப்பாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்த நோய்ல ரெண்டு கேள்வி இருக்கு. பக்கவாதம் வராம எப்படித் தடுக்கிறது? இது முதல் கேள்வி. துடிப்பை என்ன செய்யறது? இது ரெண்டாவது. நம்ம ஊர்ல ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிறாங்க. படபடப்பு அடங்கிட்டா நோய் போயிடுச்சுன்னு ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்திடறாங்க. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்குது.

முதல் கேள்வி. மேலறை நடுங்கிக்கிட்டே இருந்தா ரத்தம் தேங்கும். இடது மேலறையில காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை இருக்கு. தேங்கற ரத்தம் அதுலதான் உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனா பக்கவாதம். ஏ.எஃப். இருக்கிறவங்களுக்கு அந்த ஆபத்து மத்தவங்களைவிடச் சுமார் அஞ்சு மடங்கு. யாருக்கு மாத்திரை வேணும்கிறதுக்கு ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கு. பி.பி.க்கு 1, சர்க்கரைக்கு 1, இதயம் பலவீனமா இருந்தா 1, ரத்தக்குழாய் அடைப்பு நோய்க்கு 1, 65 வயசுக்கு 1, 75 தாண்டினா 2, முன்னாடியே பக்கவாதம் வந்திருந்தா 2. எனக்கு பி.பி. ஒண்ணு, வயசு ஒண்ணு. மொத்தம் 2. மாத்திரை வேணும்னு டாக்டர் சொல்லிட்டார். கணக்கு எழுதினவனுக்கு இது புரியறதுல கஷ்டமில்லை. துடிப்பு சீரானாலும் இந்த 2 குறையாது, அதனால மாத்திரையும் நிக்காது.

"ஆஸ்பிரின் போதாதா?"ன்னு கேட்கிறவங்க இருக்காங்க. 2011-ல் வந்த அவெராய்ஸ் ஆய்வுல 5,599 பேருக்கு அபிக்சபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. அபிக்சபான் குழுவுல பக்கவாதம் பாதிக்கும் கீழே குறைஞ்சது. பெரிய ரத்தப்போக்கு ரெண்டுலேயும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதோட ஆஸ்பிரின் பேச்சு முடிஞ்சது.

மாத்திரையில ரெண்டு ஜாதி. பழைய வகை வார்ஃபரின், அசிட்ரோம். இதுக்கு ஐ.என்.ஆர்.னு ஒரு ரத்தப் பரிசோதனை அடிக்கடி பார்த்து, பொதுவா 2-க்கும் 3-க்கும் நடுவுல வெச்சிருக்கணும். புது வகை அபிக்சபான், டாபிகாட்ரான், ரிவராக்சபான் மாதிரி. இதுக்கு ஐ.என்.ஆர். வேண்டாம். சிறுநீரகப் பரிசோதனை மட்டும் அப்பப்போ பார்த்துக்கணும். நான் அபிக்சபான், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.

ஆனா எல்லாருக்கும் புது வகை பொருந்தாது. எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. சின்ன வயசுல தொண்டைப் புண், மூட்டு வீக்கம்னு காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிப் போச்சு. அதனாலதான் அவங்களுக்கு ஏ.எஃப். இந்த மாதிரி வால்வு சுருக்கத்துக்குப் பழைய மாத்திரைதான். 2022-ல் வந்த இன்விக்டஸ் ஆய்வு, நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேலானவங்களை வெச்சு, இந்தியாவும் சேர்த்துச் செஞ்சது. முடக்கு வாதக் காய்ச்சல் இதய நோயோட வந்த ஏ.எஃப்.ல ரிவராக்சபானைவிடப் பழைய வகையிலதான் இறப்பு குறைவா இருந்தது. அதனால பக்கத்து வீட்டுச் சீட்டைப் பார்த்து மாத்திரை மாத்தாதீங்க.

அந்த அக்கா முருங்கைக் கீரையே தொடக்கூடாதுன்னு யாரோ சொல்லி, வருஷக்கணக்கா தொடலை. கீரையில இருக்கிற வைட்டமின் கே அசிட்ரோம் வேலையைக் குறைக்கும், அது உண்மைதான். ஆனா கீரையை அடியோட விட வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரே அளவு சாப்பிட்டா போதும், அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திரை அளவை டாக்டர் வெச்சுக்குவார்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இன்னும் ரெண்டு சொல்லணும். ஒண்ணு, மூட்டுவலி மாத்திரை. உப்பளத்துல நாள் பூரா நின்னு உப்பு வாரினவங்க, முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையைக் கடையிலேயே வாங்கிப் போடுவாங்க. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையோட அது சேர்ந்தா வயித்துல ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கறுப்பாப் போனா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ரெண்டாவது, புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில கஜா கரையேறினப்போ வேதாரண்யமே தனித்தீவு மாதிரி ஆயிடுச்சு. ரோடெல்லாம் மரம், பல நாள் கரண்ட் இல்லை. அந்த அக்காவால வாரக்கணக்கா ஐ.என்.ஆர். பார்க்க முடியலை. புது மாத்திரைக்கு வேற பிரச்சினை. அதோட காவல் ஒரு நாள், ரெண்டு நாள்லேயே இறங்கிடும். அதனால ஐப்பசி பிறக்கிறதுக்குள்ள ஒரு மாசத்து மாத்திரையைக் கூடுதலா வாங்கி, தண்ணி புகாத டப்பாவுல வெச்சிடறேன்.

இப்ப ரெண்டாவது கேள்வி. துடிப்பை என்ன செய்யறது?

ஒரு வழி, ஒழுங்கு இல்லாட்டியும் பரவாயில்லை, வேகத்தை மட்டும் குறைக்கிறது. மெட்டோப்ரொலால், டில்டியாசெம், டிகாக்சின் மாதிரி மாத்திரை. 2010-ல் வந்த ரேஸ் 2 ஆய்வுல 614 பேரைப் பார்த்தாங்க. சும்மா உட்கார்ந்திருக்கிறப்போ 110-க்குக் கீழே இருந்தாப் போதும்னு விட்டவங்களும், 80-க்குக் கீழே கட்டாயம் கொண்டு வந்தவங்களும் ஒரே மாதிரிதான் இருந்தாங்க. எங்க அண்ணனுக்கு 79 வயசு, அவருக்கும் ஏ.எஃப். அவருக்குத் துடிப்பே தெரியறதில்லை, ஆடு மாடு பார்த்துக்கிட்டுச் சௌகரியமா இருக்கார். அவருக்கு இந்த வழி போதும்னு டாக்டரும் சொன்னார், அவரும் ஒத்துக்கிட்டார்.

எனக்கு வேகம் 80-க்கு இறங்கியும் களைப்பு போகலை. களைப்புக்குக் காரணம் ஏ.எஃப்.பா, வயசான்னு தெரிஞ்சுக்க டாக்டர் ஒரு யோசனை சொன்னார். மயக்கம் கொடுத்து நெஞ்சுல கரண்ட் ஷாக் வெச்சுத் துடிப்பைச் சீராக்கிப் பார்ப்போம்னார். அதுக்கு முன்னாடி மூணு வாரமும், பின்னாடி நாலு வாரமாவது ஒரு நாள்கூட விடாம மாத்திரை சாப்பிடணும். வைகாசியில செஞ்சாங்க, சில நிமிஷ வேலை. ஏழு வாரம் துடிப்பு சீரா இருந்தது. அந்த ஏழு வாரத்துல அகஸ்தியம்பள்ளிக்கு எங்கேயும் நிக்காம சைக்கிள்ல போய் வந்தேன். "என்னங்க, பழைய மாதிரி நடக்கறீங்க"ன்னு வீட்டுலேயே சொன்னாங்க. ஆடியில ஏ.எஃப். திரும்பிடுச்சு. ஷாக் நிலைக்கலைதான். ஆனா கேள்விக்குப் பதில் கிடைச்சிடுச்சு. களைப்புக்குக் காரணம் வயசு இல்லை.

அடுத்து அமியோடரோன் மாத்திரை. துடிப்பை நல்லாப் பிடிச்சு வைக்கும். ஆனா தைராய்டு, நுரையீரல், கல்லீரல், கண் எல்லாத்தையும் தொடும். நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக மாசக்கணக்காகும். வருஷக்கணக்கா சாப்பிட எனக்கு மனசு வரலை.

கடைசி வழி அப்லேஷன். தொடை இடுக்கு வழியா மெல்லிய குழாயை இடது மேலறைக்குள்ள கொண்டு போய், நுரையீரல்லேர்ந்து வர்ற ரத்தக்குழாய் வாயைச் சுத்திச் சூட்டாலோ குளிராலோ தழும்பு போடறாங்க. தப்பான மின்சாரம் பெரும்பாலும் அங்கேர்ந்துதான் கிளம்புதுன்னு 1998-ல் பிரான்ஸ் போர்டோ நகரத்து டாக்டர்கள் காட்டினாங்க. 2019-ல் வந்த கபானா ஆய்வு 2,204 பேரை வெச்சது. இறப்பு, பெரிய பக்கவாதம் எல்லாம் சேர்த்துப் பார்த்தா, மாத்திரைக் குழுவுக்கும் அப்லேஷன் குழுவுக்கும் உறுதியா சொல்ற வித்தியாசம் இல்லை. ஆனா அன்றாட வாழ்க்கை அப்லேஷன் செஞ்சவங்களுக்கு நல்லா இருந்தது. இதயத்தோட பம்ப் பலவீனமானவங்களுக்குக் கணக்கு வேற. 363 பேரை வெச்சு 2018-ல் வந்த காஸில் ஏ.எஃப். ஆய்வுல அவங்களுக்கு இறப்பே குறைஞ்சது.

எதிர்ப்பக்கத்தையும் எழுதி வெச்சேன். நீடிக்கிற வகையில ஒரே தடவையில சரியாகாமப் போறது நிறைய உண்டு, ரெண்டாவது தடவை தேவைப்படலாம். ரத்தக் கசிவு, இதயத்தைச் சுத்தி ரத்தம் கட்டுறது, அபூர்வமா பக்கவாதம், இதெல்லாம் நடக்கக்கூடியது. செலவு லட்சக்கணக்குல. காப்பீட்டுல எவ்வளவு சேரும்னு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கணும். டாக்டர்கிட்ட "இந்த வருஷம் நீங்களே எத்தனை செஞ்சீங்க, எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது?"ன்னு கேட்டேன். கோபப்படாமப் பதில் சொன்னார். அதுவும் என் முடிவுக்கு ஒரு காரணம்.

தள்ளிப் போடறதும் ஒரு முடிவுதான். நாள் ஆக ஆக மேலறை பெரிசாகும், அப்புறம் சீராக்கறது கஷ்டம். கண்டுபிடிச்ச ஒரு வருஷத்துக்குள்ள துடிப்பைச் சீராக்க ஆரம்பிச்சவங்களுக்கு இதயச் சிக்கல் குறைஞ்சதுன்னு 2020-ல் 2,789 பேரை வெச்சு ஒரு ஆய்வு வந்தது. எனக்கு இன்னும் அந்த ஒரு வருஷம் முடியலை. அதனால தையில, மழை ஓய்ஞ்சு ரோடு நல்லா இருக்கிறப்போ, ஒரு தடவை செஞ்சு பார்க்கிறேன். அதுக்குள்ள எடையைக் குறைச்சுக்கிட்டு இருக்கேன், இதுவரைக்கும் நாலு கிலோ. எடையும் பி.பி.யும் குறையலைன்னா அப்லேஷன் நிலைக்கிறதும் கஷ்டம்.

நல்லா ஆனாலும் ஆகாட்டியும் அபிக்சபானை டாக்டர் சொல்லாம நிறுத்த மாட்டேன். பையில ஒரு அட்டை வெச்சிருக்கேன்: பேரு, ஏ.எஃப்., மாத்திரை பேரு, எத்தனை மணிக்குச் சாப்பிடறேன். வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிட்டு அந்த அட்டையைக் காட்டணும்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லியாச்சு. கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அந்த ஊசி போடலாமான்னும் டாக்டர் யோசிக்கணும். தஞ்சாவூர் எங்களுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர்.

உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா மணிக்கட்டுல மூணு விரல் வெச்சு ஒரு நிமிஷம் நாடியைப் பாருங்க. தாறுமாறா இருந்தா ஒரு ஈசிஜி எடுங்க.