மதிப்பெண் சொல்லாத செய்தி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடிவருவது எளிய செயல் அன்று. மழை நாளில் நால்வர் மட்டுமே வந்திருந்தபோதும் விளக்கை அணைக்காமல் கவிதை படித்த நாள்கள் நமக்கு உண்டு. அத்தகைய வட்டத்தின் விழாவில் உரையாற்ற எனக்கு வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருளைச் சொன்னதும் அமைப்பாளர் சற்றே புருவத்தை உயர்த்தினார். பாவலர் அவையில் திரைப்பட ரசிகர்களின் பேச்சுக்கு என்ன இடம் என்பது அவருடைய ஐயம். அண்மையில் பார்த்த படத்தைப் பற்றி நம் மக்கள் ஒருவரோடொருவர் பேசுவதும், அதற்கு மதிப்பெண் இடுவதுமே இன்றைய என் பேச்சின் பொருள். கவிதையைப் படித்து அதைப் பற்றி வாதிடுவோர் சிலரே. ஆனால் பார்த்த படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாத தமிழரைக் காண்பது அரிது. தமிழ்நாட்டில் அன்றாடம் மிகுதியாக நடைபெறும் கலைத் திறனாய்வு அதுவே. திறனாய்வை விரும்பும் நாம் அதனைப் புறக்கணித்தல் ஆகாது.

இரண்டாம் ஆட்டம் விட்டதும் தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள். "முதல் பாதி பரவாயில்ல, ரெண்டாம் பாதிதான் இழுவை" என்பார் ஒருவர். "ஒரு தடவை பார்க்கலாம்" என்பார் மற்றவர். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல், படத்தில் ஒரு கிழவி கதவைச் சாத்திய விதத்தை அப்படியே நடித்துக் காட்டுவார். முதல் இருவரும் தந்தது தீர்ப்பு. மூன்றாமவர் தந்தது அனுபவம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றித்தான் நான் பேச விழைகிறேன்.

தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்ல எண்ணைப் போல வசதியானது வேறில்லை. ஆனந்த விகடன் இதழ் திரைப்படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வழங்கி வந்ததை நீங்கள் அறிவீர்கள். பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே' 1977-இல் வந்தபோது அவ்விதழ் அதற்கு 62.5 மதிப்பெண் வழங்கியது. அந்த எண் இன்றளவும் ரசிகர்களின் நினைவில் நிற்கிறது. எனக்கோ அந்த அரை மதிப்பெண்ணின் மீது தீராத வியப்பு. எந்தக் காட்சிக்காக அந்த அரை சேர்ந்தது? சப்பாணியின் நடைக்கா, மயிலு காத்திருக்கும் ரயில் நிலையத்துக்கா? எந்தக் குறைக்காக 37.5 கழிந்தது? எண் இதற்கு விடை சொல்வதில்லை. ஆயினும் அந்த அரை மதிப்பெண்ணில் ஒரு நேர்மை இருக்கிறது. யாரோ ஒருவர் அமர்ந்து, அறுபத்திரண்டு போதாது, அறுபத்துமூன்று மிகை என்று எண்ணிப் பார்த்திருக்கிறார். அந்த எண்ணிப் பார்த்தலை நான் வணங்குகிறேன்.

மதிப்பெண்ணை முற்றிலும் பழிப்பது நியாயம் ஆகாது. வாரம் முழுதும் உழைத்தவர் ஒரு நாள் விடுமுறையில் மனைவி மக்களோடு படம் பார்க்கச் செல்கிறார். பேருந்துக் கட்டணம், நுழைவுச் சீட்டு, இடைவேளைத் தின்பண்டம் எல்லாம் சேர்ந்தால் அவருக்கு அது சிறிய தொகை அன்று. "போகலாமா, வேண்டாமா?" என்று அவர் கேட்கிறார். அவருக்கு நீண்ட கட்டுரை உதவாது. ஒரு சொல்லோ ஓர் எண்ணோ உதவும். ஆனால் அது படம் பார்ப்பதற்கு முந்திய பேச்சு. பார்த்த பின்பும் அதே எண்ணை வைத்துக்கொண்டு நின்றுவிடுவதுதான் குறை.

எண்ணும் வரிசையும் காலத்தால் மாறுபவை என்பதற்கு உலக அளவிலேயே சான்று உண்டு. இங்கிலாந்தின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை திறனாய்வாளர்களிடம் வாக்குக் கேட்டுச் சிறந்த படங்களை வரிசைப்படுத்துகிறது. முதல் முறை தலைமை பெற்றது டி சிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்'. ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' அம்முறை முதல் பத்தில் இடம் பெறவில்லை. அதே படம் 1962 முதல் 2002 வரை ஐந்து முறை தொடர்ந்து முதலிடம் பெற்றது. 2012-இல் ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' அதை இறக்கியது. 2022-இல் ஷாந்தால் அகர்மேன் 1975-இல் இயக்கிய 'ழான் டீல்மான்' முதலிடம் பெற்றது. படங்களில் ஒரு சட்டமும் மாறவில்லை. மாறியவர்கள் பார்ப்பவர்களே. வரிசை என்பது படத்தின் உயரத்தை மட்டுமன்று, அளப்பவரின் கோலையும் காட்டுகிறது.

நம் நாட்டிலும் இத்தகைய மாற்றத்தைக் கண்டிருக்கிறோம். வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனம் தயாரித்து 1954-இல் வெளியிட்ட 'அந்த நாள்' படத்தில் பாட்டு இல்லை, நடனமும் இல்லை. பாட்டை எதிர்பார்த்து வந்த அன்றைய கூட்டத்துக்கு அது நிறைவளிக்கவில்லை. இன்று தமிழ்த் திரை வரலாற்றைப் பேசுவோர் எவரும் அதை விட்டுவிட்டுப் பேசுவதில்லை.

நல்ல பேச்சு நல்ல படத்தையே உண்டாக்கும் என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1947-இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கூடினார்கள், படம் பார்த்தார்கள், விடாமல் வாதிட்டார்கள். 1955-இல் ராயின் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. அந்த வாதங்கள் மட்டுமே அப்படத்தை ஆக்கின என்று நான் கூற மாட்டேன். ஆனால் பார்த்ததை நுணுகிப் பேசப் பழகிய கண்தான் பின்னர்க் கருவிக்குப் பின்னால் நின்றது. நம் வட்டம் போன்ற சிறு கூட்டங்களுக்கு இதைவிட ஊக்கம் தரும் செய்தி வேறென்ன வேண்டும்?

அன்பர்களே, இனி என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பொருளை நான் தேர்ந்ததற்குக் காரணமே அதுதான்.

நான் கல்லூரியில் பயின்ற காலத்தில் எங்கள் சிற்றூரில் ஒரே ஒரு திரைப்படக் கொட்டகை இருந்தது. அதன் சைக்கிள் நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணே' என்பேன், அவர் என்னைத் 'தம்பி' என்பார். படம் தொடங்கிச் சைக்கிள்கள் வந்து ஓய்ந்த பின்னரே அவர் உள்ளே சென்று சுவரோரம் நிற்க முடியும். கூட்டம் வெளியே வருவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே வெளியே வந்து நிற்கவும் வேண்டும். ஆதலால் எந்தப் படத்துக்கும் தொடக்கமும் முடிவும் அவருக்கு இல்லை. ஆண்டுக் கணக்கில் அந்தக் கொட்டகையில் பணிபுரிந்த அம்மனிதர் ஒரு படத்தின் இறுதிக் காட்சியைக் கூடக் கண்டதில்லை. முடிவை எங்களைப் போன்றவர்களிடம் கேட்டே அறிந்துகொள்வார்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 1979-இல் வெளிவந்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யை அடியொற்றிய படம் அது. எங்கள் ஊருக்குச் சில மாதம் கழித்தே வந்தது. நான் பார்த்துவிட்டு வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். அவர் டோக்கனை வாங்கிக்கொண்டு, "தம்பி, கடைசில அந்தப் பிள்ளைங்க என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் அப்போது மதிப்பெண் மயக்கத்தில் இருந்தேன். பார்க்கும் படத்துக்கெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எண் எழுதி வைப்பேன். "படம் ரொம்ப மெதுவாப் போகுதுண்ணே. நாற்பத்தஞ்சு மார்க் போடலாம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

அவர் கேட்டது படத்தின் தகுதியை அன்று. இரண்டு குழந்தைகளின் கதியைக் கேட்டார். நான் அவருக்கு ஓர் எண்ணைக் கொடுத்தேன்.

அதற்குப் பின் அவர் என்னிடம் எந்தப் படத்தின் முடிவையும் கேட்கவில்லை. கோபம் இல்லை, முகம் திருப்புதலும் இல்லை. டோக்கனை வாங்குவார், சைக்கிளை விடுவிப்பார், அவ்வளவுதான். படிப்பு முடிந்து நான் ஊரை விட்டுச் சென்றேன். பல ஆண்டுகள் கழித்து அப்படத்தை மீண்டும் பார்த்தபோதுதான் அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. ஊருக்கு ஓடினேன். கொட்டகை இருந்த இடத்தில் திருமண மண்டபம் நின்றது. அவரும் இல்லை.

அன்று சொல்லாததை இன்று இந்த அவையில் சொல்லிவிடுகிறேன். அண்ணே, மனைவியைச் சொல்லாலும் செயலாலும் வதைத்த அந்த மனிதனை ஊரார் ஆற்றங்கரைக்குக் கொண்டு வந்தார்கள். அவனே நீரில் இறங்கி மாள வேண்டும் என்றார்கள். ஒருவனுடைய கொடுமை கடைசியில் நல்லவர்களையும் தன்னைப் போல் ஆக்கிவிட்டதை அவன் சொல்லிக் காட்டினான். தன் குழந்தைகளைக் கொஞ்சிவிட்டு நீருக்குள் நடந்தான். ஊரார் நின்று பார்த்தார்கள். தாயும் இல்லாமல், தந்தையும் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் இருவரும் கரையில் தனித்து நின்றார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் சொல்லவில்லை, அண்ணே. நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் படமும் நம்மிடம் கேட்டுவிட்டு முடிகிறது.

பாருங்கள், இறுதிக் காட்சியைக் காணாமலேயே அவர் அப்படத்தின் இறுதிக் கேள்விக்கு வந்து சேர்ந்திருந்தார். முழுப் படத்தையும் கண்ட நான் வந்து சேரவில்லை. யார் ரசிகர், யார் திறனாய்வாளர் என்று எனக்குக் கற்பித்த நிகழ்ச்சி இது.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று ஒரு தனி இயலையே வைத்திருக்கிறது. அழுகை, அச்சம், வெகுளி, உவகை என உள்ளத்தில் தோன்றிப் புறத்தே புலப்படும் நிலைகளை எட்டாக வகுத்துப் பேசுகிறது. கவிதை எத்தனை மதிப்பெண் பெறும் என்பது அந்த இயலின் வினா அன்று. உள்ளத்தில் எழுந்தது உடலில் எவ்வாறு தெரிகிறது என்பதே அதன் வினா. திருநெல்வேலியில் தம் இல்லத்து வட்டத்தொட்டியில் ரசிகமணி டி.கே.சி. நண்பர்களைக் கூட்டி வைத்துக் கவிதையை நுகர்ந்ததும் இவ்வழியில்தான். கம்பனின் பாடல்களுள் தமக்குச் சுவைபடாதவற்றைக் கழித்ததில் அவரோடு நாம் மாறுபடலாம். ஆனால் தமக்கு என்ன நேர்ந்தது என்பதை மறைக்காமல் சொன்னவர் அவர். அதனால்தான் அவரோடு மாறுபடவும் நம்மால் இயல்கிறது. வெறும் எண்ணோடு எப்படி மாறுபடுவது? இன்னோர் எண்ணைச் சொல்லிச் சண்டையிடலாம், அவ்வளவே.

இனி நம்மைப் பற்றி ஒரு சொல். உரிமையோடு சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும். கடந்த பத்தாண்டுகளில் இவ்வட்டத்தில் படிக்கப்பட்ட கவிதைகளுக்கு நாம் சொன்ன கருத்துகளை எண்ணிப் பாருங்கள். 'அருமை', 'சிறப்பு', 'வாழ்க', 'வளர்க'. தேநீர்க் கடை ரசிகன் படத்துக்கு நாற்பத்தைந்து கொடுக்கிறான். நாம் கவிதைக்கெல்லாம் நூற்றுக்கு நூறு கொடுக்கிறோம். இரண்டும் ஒரே குற்றம். இரண்டிலும் பேச்சு தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. கவிதை எழுதியவர் கைதட்டலோடு வீடு திரும்புகிறார். தம் கவிதையின் எந்த அடி எவர் நெஞ்சில் தைத்தது, எந்த இடத்தில் கேட்டவரின் கவனம் சிதறியது என்று அவருக்குத் தெரிவதே இல்லை. அவரும் முடிவைக் காணாதவராகவே வெளியே நிற்கிறார்.

ஆகவே, பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கவிதையைக் கேட்டதும் 'அருமை' என்னும் சொல்லைச் சற்று அடக்கி வையுங்கள். உங்கள் மனத்தில் நின்ற ஒரு காட்சியைச் சொல்லுங்கள். அது உங்களை என்ன செய்தது என்பதைச் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் கேளுங்கள். மதிப்பெண் இடுவதாயின் அதன் பிறகு இடுங்கள், அரை மதிப்பெண் வரை எண்ணிப் பார்த்து இடுங்கள். திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போதும் இதே நெறியைப் பின்பற்றுங்கள். யாரேனும் உங்களிடம் "படம் எப்படி?" என்று கேட்டால், அவர் கேட்பது எண்ணையா, இரண்டு பிள்ளைகளின் கதியையா என்று ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விடை சொல்லுங்கள்.

அந்த ஒரு கணம் எனக்கு அன்று இல்லாமல் போயிற்று. உங்களுக்கு அது வாய்க்கட்டும். வட்டம் வளர்க!