பன்றிக் காய்ச்சலும் ஒன்பது எழுத்தும்



பன்றியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கலாம். ஆனால், அதை வளர்த்துப் பிழைக்கிறவனுக்கு இது சிரிப்புக்குரிய விஷயமல்ல.

ஹாலந்து தேசத்தில் 1997-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பன்றிகளுக்கு ஒரு விஷக்காய்ச்சல் கண்டது. 2009-இல் மனிதர்களிடையே பரவிய பன்றிக் காய்ச்சல் வேறு. இது மனிதனைத் தொடுவதில்லை. மறு வருஷம் அது அடங்குவதற்குள் 429 பண்ணைகளில் நோய் கண்டது. ஆனால், கொல்லப்பட்ட பன்றிகளோ ஒரு கோடி அளவில்! அவற்றில் பெரும்பாலானவை நோயே இல்லாதவை. பக்கத்துப் பண்ணையில் இருந்த குற்றத்திற்காகச் சில. ஓட்டிச் செல்லவும் விற்கவும் தடை போட்டதால், குட்டிகள் பெருகி நிற்க இடமின்றிப் போனதற்காகப் பல.

தடுப்பூசி இல்லையா என்று கேட்பீர்கள். நல்ல ஊசியே இருந்தது. ஆனால் ஐரோப்பிய தேசங்கள் 1990-இலேயே அதை வழக்கமாகப் போடுவதை நிறுத்திவிட்டன. ஏனென்றால், நோய் வந்து பிழைத்த பன்றியின் இரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்கிறது. ஊசி போட்ட பன்றியின் இரத்தத்திலும் அதே எதிர்ப்பொருள் இருக்கிறது. இரத்தத்தைப் பரீட்சித்தால் எது நோய்ப்பட்டது, எது ஊசி போட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியதுதானே? சந்தேகப்பட்ட சரக்கை அயல்நாட்டான் வாங்குவானா?

போதாக்குறைக்கு, மாட்டுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒரு கிருமி இதற்கு நெருங்கிய உறவு. அது பன்றியையும் பற்றும். அதனால் உண்டாகும் எதிர்ப்பொருளும் பரீட்சையில் குழப்பம் செய்யும்.

இனி, எதிர்ப்பொருள் கிருமியை எப்படி அறிகிறது என்று பார்ப்போம். அது கிருமி முழுவதையும் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் “இடது கன்னத்தில் ஒரு மச்சம்” என்று எழுதுகிறார்களே, அப்படி மேற்புறத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் பற்றிக் கொள்ளுகிறது. இந்தக் கிருமியின் மேலுறையில் ஈ-2 என்றொரு புரதம் உண்டு. புரதம் என்பது மணி கோத்த சரம் போன்றது. இதில் 373 மணிகள். இவற்றில் மச்சம் எது?

ஹாலந்து ஆராய்ச்சிக்காரர்கள் 1989-இல் ஒரு எளிய உபாயம் செய்தார்கள். ஒரே இடத்தை மாத்திரம் பற்றக்கூடிய எதிர்ப்பொருள்களைத் தனித்தனியாகத் தயாரித்து, ஒன்று உட்கார்ந்த பிறகு இன்னொன்றுக்கு இடம் கிடைக்கிறதா என்று பார்த்தார்கள். காப்பிக் கடைப் பலகையில் ஒருவன் உட்கார்ந்ததும் மற்றவனுக்கு இடமில்லையென்றால், இருவரும் தேடி வந்தது ஒரே பலகை என்று தெரிந்துவிடுகிறதல்லவா? இவ்வாறு அந்தப் புரதத்தில் நான்கு வட்டாரங்கள் உண்டென்று வகுத்தார்கள்.

கானடாவில் இருந்தவர்கள் 2000-இல் இன்னும் நெருங்கினார்கள். சரத்தை இரு முனையிலும் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்துக் கொண்டே வந்து, எந்த மணி போனதும் எதிர்ப்பொருள் ஒட்ட மறுக்கிறது என்று பார்த்தார்கள். கடைசியில் நின்றது ஒன்பதே மணி. சாஸ்திரக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள்: டி, ஏ, வி, எஸ், பி, டி, டி, எல், ஆர். ஐந்தெழுத்தும் எட்டெழுத்தும் கேட்டுப் பழகியவர்கள் நாம். இந்த ஒன்பதெழுத்தை யாரும் யார் காதிலும் இரகசியமாக ஓதவில்லை. எப்படிக் கண்டோம் என்று அச்சில் போட்டு, நீயும் செய்து பார் என்று விட்டுவிட்டார்கள். பன்றிக் கிருமியில் இந்த இடம் பெரும்பாலும் மாறாதிருக்கிறது. மாட்டுக் கிருமியில் வேறாக இருக்கிறது.

இதனால் பயன் என்ன? சேங்கொட்டை மையால் துணியில் குறி போட்டு இன்னார் வீட்டுத் துணி என்று அடையாளம் காணுவதைப் பார்த்திருக்கிறீர்கள். ஊசிக்கான கிருமியில் அந்தக் குறியை அழித்துவிட்டால், குறியைப் பற்றும் எதிர்ப்பொருள் நோய்ப்பட்ட பன்றியில் மட்டுமே இருக்கும். ஊசி போட்ட பன்றி பிழைக்கும். அதை வளர்த்தவனும் பிழைப்பான்.

அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் 2006-இல் அந்த இடத்தை மாட்டுக் கிருமியின் எழுத்துக்களாகப் படிப்படியாக மாற்றினார்கள். மாற்ற மாற்ற நோயின் கடுமையும் தணிந்து வந்தது. ஒரே இடம் அடையாளமாகவும் இருக்கிறது, விஷத்துக்கும் துணையாக இருக்கிறது! 2009-இல், வேறொரு புரதத்தில் புதுக்குறி ஒன்றையும் சேர்த்து ஊசிக் கிருமி செய்தார்கள். அது பன்றிகளைக் காத்தது.

இத்தோடு நிறுத்தினால் கை தட்டுவீர்கள். ஆனால், அவர்கள் நிறுத்தவில்லை. தாங்கள் செய்ததையே சந்தேகித்து, அந்தக் கிருமியை ஒரு பன்றியிலிருந்து எடுத்து அடுத்த பன்றிக்கு என்று தொடர்ந்து செலுத்திப் பார்த்தார்கள். பழைய கொடுங்குணம் திரும்பிற்று! அதை மறைக்காமல் 2014-இல் தாங்களே வெளியிட்டு, அதே மணிகளை உண்டாக்கும் மரபுக் குறிப்பை மட்டும் வேறு விதமாக எழுதி, கிருமி பழைய குணத்துக்குத் திரும்புவது அரிதாகும்படி மறுபடியும் செய்தார்கள்.