சி-யு-டி கட், பி-யு-டி புட்

பெங்களூருத் தமிழ்க் குழந்தைகள் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று கலகலவெனப் பேசுவார்கள். புத்தகத்தைத் திறந்தால்தான் சிலருக்குத் திண்டாட்டம். சி-யு-டி ‘கட்’ என்றால், பி-யு-டி மட்டும் ஏன் ‘புட்’? எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் வரும் இந்தத் தடைக்கு மருத்துவம் வைத்த பெயர் டிஸ்லெக்சியா. நாம் வைத்த பெயர் ‘மக்கு’. எவ்வளவு பெரிய அநியாயம்!

ஓசூர் சாலையில் இருக்கிறதே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, அங்கே இது போன்ற கற்றல் குறைபாடுகளைக் கண்டறியவே ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கியிருக்கிறார்கள். வாசிக்கச் சொல்வார்கள், சொல்வதை எழுதச் சொல்வார்கள், கணக்கும் உண்டு. புத்திக்கூர்மை இயல்பாக இருந்தும் படிப்பு இரண்டு வகுப்பு பின்தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறிவு வேறு, வாசிப்பு வேறு என்பதில்தான் அந்தச் சோதனையே நிற்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்தது. அதற்கான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

வாயால் கதையைக் கோர்வையாகச் சொல்லும் பிள்ளை, அதையே எழுதும்போது தொடர்ந்து தடுமாறினால் கை ஓங்காதீர்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள்.