இந்தித் திரைப்பாடலில் கவ்வாலி



'கவ்ல்' என்னும் அரபுச் சொல்லுக்குக் கூற்று என்பது பொருள். அதன் அடியாகப் பிறந்த பெயரே கவ்வாலி. அது பாடப்பெறும் அவைக்குச் சூஃபியர் இட்ட பெயரோ 'சமா'. கேட்டல் என்பது அதன் பொருள். சொல் ஒருபுறமும் செவி மறுபுறமுமாக நின்று நிறைவுறும் கலை இது. இந்தித் திரையிசைக்குள் புகுந்த கவ்வாலி எவ்வாறு உருமாறிற்று என்று ஆராய்வோர் பெரும்பாலும் தாளத்தையும் கருவிகளையுமே கணக்கிடுகின்றனர். கேட்போர் யாவர் என்று வினவினால் அம்மாற்றம் இன்னும் தெளிவாக விளங்கும்.

தில்லியில் நிசாமுத்தீன் அவுலியாவின் சீடராக விளங்கிய அமீர் குஸ்ரு (1253–1325) இவ்வடிவத்தை வகுத்தார் என்று மரபு போற்றும். தலைமைப் பாடகர் அடியெடுத்துக் கொடுக்க, பின்னிருப்போர் கைத்தட்டித் தாளமிட்டு அதனை வாங்கிப் பாடுவர். டோலக்கும், பிற்காலத்தே வந்து சேர்ந்த ஆர்மோனியமும் துணை நிற்கும். இவற்றினும் கவிஞர்கள் கருதத்தக்கவை இரண்டு உத்திகள். கேட்போர் உள்ளம் எந்தச் சொல்லில் நெகிழ்கிறதோ, அச்சொல்லையே மீளமீளப் பாடுதல் 'தக்ரார்'. பாட்டின் நடுவே வேறொரு கவிஞரின் அடிகளை, சில வேளை வேறொரு மொழியின் அடிகளையே கொணர்ந்து பிணைத்து, மீண்டும் பழைய அடிக்கே வந்து சேர்தல் 'கிரா'. முடிச்சு என்பது அதன் பொருள்.

தக்ராரின் ஆற்றலுக்கு மரபு ஒரு சான்று கூறும். குத்புத்தீன் பக்தியார் காக்கி என்னும் ஞானியர் சமா அவையொன்றில் பாரசீக ஈரடிப் பாடலொன்றைக் கேட்டுத் தம்மை மறந்தார். பாடகர் அவ்வீரடியையே நாள்கணக்கில் பாடிக்கொண்டிருக்க, அந்நிலையிலேயே 1235இல் உயிர் நீத்தார் என்பர். கேட்பவரின் உயிரே பாட்டின் எல்லையாக இருந்த காலம் அது.

திரைப்படம் இக்கலையை எடுத்துக்கொண்டபோது முதலில் நேர்ந்த பெருமாற்றம் பெண்குரல். தர்காக்களில் பெண்கள் கவ்வாலி பாடுவது பொதுவாக வழக்கில் இல்லை. 1945இல் வெளிவந்த 'ஜீனத்' படத்திலோ நூர்ஜகான், ஜோராபாய் அம்பாலேவாலி, கல்யாணி ஆகிய மூவர் குரலில் பெண்களே கூடிப் பாடும் கவ்வாலி ஒன்று இடம்பெற்றது. இறைவனை நோக்கிய ஏக்கம் அங்கே காதலனை நோக்கிய ஏக்கமாக வெளிப்படையாகவே மாறியது. சமயப் பற்றுடையோர் இதனை இழிவென்று கருதலாம். அவையில் அமர்ந்து தன் ஏக்கத்தைத் தானே பாடும் உரிமையைப் பெண்ணுக்கு அந்த மாற்றம் தந்தது என்பதையும் உடன் கருதவேண்டும்.

மேடைக் கவ்வாலியின் எளிமையை 1958இல் 'அல் ஹிலால்' படத்துக்காக இஸ்மாயில் ஆசாத் பாடிய பாடல் திரைக்குக் கொணர்ந்தது. இக்கதையின் உச்சம் 1960ஆம் ஆண்டு. அவ்வாண்டில் வெளிவந்த இரு படங்கள் கவ்வாலியைச் சொற்போராக்கின. இரண்டிலும் மதுபாலாவே நாயகி. 'முகலே ஆசம்' படத்தில் ஷகீல் பதாயூனியின் சொல்லுக்கு நௌஷாத் இசையமைக்க, லதா மங்கேஷ்கரும் ஷம்ஷாத் பேகமும் எதிரெதிர் நின்று எசப்பாட்டுப் பாடினர். காதலில் வெற்றி யாருக்கு என்று இரு பெண்கள் வாதிட, நடுவராக அமர்ந்த இளவரசன் சலீம் ஒருத்திக்கு மலரையும் அனார்கலிக்கு முள்ளையும் அளிக்கிறான். அக்பரின் அரண்மனையில் இப்படி ஒரு போட்டி நிகழ்ந்திருக்குமா என்று வரலாற்றாசிரியர் கேட்பர், கவிஞர் கேளார்.

தமிழில் 'கேள்வி' என்பது செவியால் பெறும் அறிவையும் குறிக்கும், வினாவையும் குறிக்கும். திரைக்கு வந்த கவ்வாலி முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்குப் பெயர்ந்தது எனலாம்.

மற்றொரு படம் 'பர்சாத் கி ராத்'. சாஹிர் லுதியான்வி எழுதி, ரோஷன் இசையமைத்த அதன் போட்டிக் கவ்வாலி ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் நீள்வது. மன்னா டே, முகம்மது ரஃபி, ஆஷா போஸ்லே, சுதா மல்ஹோத்ரா, எஸ்.டி. பாதிஷ் ஆகிய ஐவரும் பாடினர். தேடல் எது, காதல் எது என்று இரு குழுக்களும் வாதிடுகின்றன. ஒருவர் விடுத்த அடியை மற்றவர் பற்றி மேலேற, ஒரு கட்டத்தில் காதல் என்னும் ஒரே சொல் தக்ராராக ஒலிக்கத் தொடங்குகிறது. உருதுவும் பாரசீகமும் விரவிச் சென்ற நடை அங்கே திடீரெனத் தளர்ந்து பிரஜ் மொழியின் சாயல் கொள்கிறது. கண்ணன் குழலோசைக்கு விரைந்த இராதை, காடு திரிந்த சனகன் மகள், நஞ்சைப் பருகிய மீரா என்று மூவர் வந்து நிற்கின்றனர். பின்னர்த் திருக்குர்ஆனும் புத்தரும் ஏசுவும் அதே வரிசையில் சேர, யாவும் காதல் என்னும் அடியிலேயே வந்து முடிகின்றன.

இதுவே கிரா. தர்காவில் ஒரு பாட்டோடு மற்றொரு பாட்டைப் பிணைத்த உத்தி, இங்கே ஒரு சமயத்தாரின் நினைவோடு மற்றொரு சமயத்தாரின் நினைவைப் பிணைக்கிறது. நாடு பிளவுண்டு பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. 1949இல் இலாகூரை நீங்கி இந்தியா வந்தவர் சாஹிர். சமயப் பற்றுக்கு அப்பால் நின்ற முற்போக்குக் கவிஞர். இறைவனைப் பாடும் வடிவத்தை அத்தகைய ஒருவர் கையாண்டதை முரண் என்று சொல்வோர் உளர். பல சமயத்தாரும் அருகருகே அமர்ந்திருந்த திரையரங்கைத் தம் அவையாகக் கொண்ட கவிஞருக்கு அதனினும் பொருத்தமான வடிவம் வேறில்லை.

எழுபதுகளில் கவ்வாலி விரைவு கொண்டது. 'சஞ்சீர்' (1973) படத்தில் அது நட்பைப் பாடியது. 1977இல் 'அமர் அக்பர் அந்தோணி', 'ஹம் கிசிசே கம் நஹீன்' ஆகிய இரு படங்களிலும் ஒளிவெள்ளத்தில் மின்னும் மேடைக் கலையாயிற்று. முன்னதற்கு இலட்சுமிகாந்த்–பியாரேலாலும், பின்னதற்கு ஆர்.டி. பர்மனும் இசையமைத்தனர். ரஃபியின் குரலாட்சி இரண்டிலும் குன்றவில்லை, துள்ளலுக்கும் குறைவில்லை. கேட்போர் மட்டும் ஆரவாரிக்கும் கூட்டமாகிவிட்டனர். கைத்தட்டல் தாளம் அவர்களுக்குரிய குறிப்பாயிற்று; நின்று சுவைக்க வேண்டிய சொல் அந்த விரைவில் நில்லாமல் ஓடியது. இதே காலத்தில் உருவான எம்.எஸ். சத்யூவின் 'கரம் ஹவா' (1973) விதிவிலக்கு. பிரிவினையால் சிதையும் ஆக்ராக் குடும்பத்தின் கதையில், ஃபதேபூர் சிக்ரியின் சலீம் சிஷ்தி தர்காவில் ஒலிக்கும் கவ்வாலியை அசீஸ் அகமது கான் வார்சி பாடினார். பரம்பரைப் பாடகரின் குரல் அது. எந்த மெருகும் பூசப்பெறாதது.

ஏ.ஆர். ரகுமானின் வருகைக்குப்பின் கவ்வாலி மீண்டும் தர்காவை நாடியது. 'ஜோதா அக்பர்' (2008) படத்தில் அஜ்மீர் ஞானியரைப் போற்றும் பாடலை அவரே பாடினார். 'ராக்ஸ்டார்' (2011) படத்தின் பாடல் நிசாமுத்தீன் தர்காவிலேயே படமாக்கப்பட்டது. சொற்கள் இர்ஷாத் காமில் எழுதியவை. வீட்டிலிருந்து துரத்தப்பட்ட இளைஞன் ஒருவன் அங்கே அடைக்கலம் தேடுகிறான். கித்தாரும் ஆர்மோனியமும் அவனுக்காக மென்மையாக இழைகின்றன. இவ்விரு பாடல்களின் தூய்மை மறுக்கவியலாதது. எனினும் இவற்றில் எதிர்க்குழு இல்லை, மறுத்துரைக்கும் குரல் இல்லை, கேட்பவன் தனியன். சாஹிர் பிணைத்த முடிச்சுக்கு இங்கே இடமும் இல்லை, தேவையும் இல்லை. சமா திரும்பி வந்தபோது சொற்போர் அங்கிருந்து எழுந்து போய்விட்டது.

நிசாமுத்தீன் தர்காவில் வியாழன் மாலைகளில் கவ்வாலி இன்றும் ஒலிக்கிறது. எதிரே இருப்போரின் முகத்தை நோக்கியே தலைமைப் பாடகர் அடுத்த அடியைத் தேர்கிறார்.