நகைச்சுவையும் காலமும்



பத்தாம் ஆண்டு விழாவில் பேசுதற்குரிய பெரும்பொருள்கள் பல இருக்க, பழைய நகைச்சுவைப் படங்களைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறப் புகுந்த தொல்காப்பியர் நகையையே முதற்கண் வைத்தார். ஆகவே இப்பொருள் இந்த அவைக்குப் புறம்பானதன்று என்னும் துணிவோடு தொடங்குகிறேன்.

1941இல் வெளிவந்த 'சபாபதி' திரைப்படத்தை அண்மையில் என் மாணவியரோடு அமர்ந்து மீண்டும் பார்த்தேன். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் இயக்கிய படம் அது. செல்வர் வீட்டுப் பிள்ளை சபாபதியாக டி.ஆர். ராமச்சந்திரனும், வேலைக்காரன் சபாபதியாகக் காளி என். ரத்தினமும் நடித்திருந்தனர். சோடா உடைத்துக்கொண்டு வருமாறு எசமானன் ஏவ, வேலைக்காரன் புட்டியையே உடைத்துவிடுகிறான். எண்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட அக்காட்சியைக் கண்டு என் மாணவியர் வாய்விட்டுச் சிரித்தனர்.

இது எவ்வாறு இயன்றது? எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன்கள் என்கிறது மெய்ப்பாட்டியல். இவற்றுள் மடன் என்பதற்கு, கேட்டதை ஆய்ந்து உணராமல் அவ்வாறே மெய்யெனக் கொள்வது என்று பொருள் கொள்ளலாம். வேலைக்காரச் சபாபதிக்கென்றே எழுதிய உரைபோல் இது அமைந்திருக்கிறது. 'உடைத்தல்' என்னும் சொல்லின் வழக்குப் பொருளும் நேர்ப்பொருளும் நம் மொழியில் நிலவும்வரை அந்நகை தேயாது. மற்றொன்றும் உண்டு. எசமானனும் அறிவில் அத்துணைச் சிறந்தவனல்லன். இருவருக்கும் பெயரும் ஒன்றே. ஆகவே சிரிப்பின் சுமை ஏழை வேலைக்காரன் தலையில் மட்டும் இறங்கவில்லை.

அதே படத்தில் கே. சாரங்கபாணி ஏற்ற தமிழாசிரியர் மாணவரிடம் படும் பாடும் நகைப்புக்கு இடமாகிறது. அக்காட்சியில் மாணவியர் திரையைப் பார்ப்பதை விட்டு என் முகத்தைப் பார்த்தனர். முதலில் எனக்குச் சற்றே வலித்தது. பின்னர் நானும் சிரித்துவிட்டேன். தமிழாசிரியர் நகைக்குப் பொருளாவது நமக்குப் புதிதன்று. நம் வட்டாரத்து வத்தலக்குண்டில் பிறந்த ராஜமையர், 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் எழுதிய 'கமலாம்பாள் சரித்திர'த்தில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதரைப் படைத்து நம்மைச் சிரிக்க வைத்தவர் அல்லவா? அப்பாத்திரத்தை வெறுத்த தமிழாசிரியரை நான் கண்டதில்லை. படைத்தவர் அவரை நேசித்தார் என்பது நமக்குத் தெரிகிறது.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டையும் நோக்குவோம். 1975இலும் 1979இலுமாகப் பன்னிரண்டே பகுதிகள் வெளிவந்த 'ஃபால்டி டவர்ஸ்' என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடர் இன்றும் போற்றப்படுகிறது. அதிலும் சொல்லைத் தவறாகக் கொள்ளும் பணியாள் ஒருவன் உண்டு. மானுவேல் என்னும் ஸ்பானியன். அத்தொடரை ஸ்பானிய மொழிக்கு மாற்றியபோது அவனை இத்தாலியனாக்கிவிட்டார்கள். தம் தலைமேல் விழும் சிரிப்பை அயலார் தலைக்கு மாற்றிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2020இல் அத்தொடரின் ஒரு பகுதி, அதில் முதியவர் ஒருவர் கூறும் இனவசைச் சொற்களுக்காக, ஓர் ஒளிபரப்புத் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. பின்னர் எச்சரிக்கைக் குறிப்புடன் மீண்டும் சேர்க்கப்பட்டது.

இத்தகைய வினா நம்மிடையேயும் எழ வேண்டியதே. 'சபாபதி'க்குப் பின்னர் ஒருநாள், 1980, 90களின் நகைச்சுவைக் காட்சிகள் சிலவற்றை வகுப்பில் காட்டினேன். 1989இல் வந்த 'கரகாட்டக்கார'னின் வாழைப்பழக் காட்சிக்கு அனைவரும் சிரித்தனர். அதுவும் சொல்லையும் எண்ணிக்கையையும் பற்றிய நகையே. அடுத்து வந்த வேறொரு படத்தின் காட்சி, ஒருவனுடைய கறுப்பு நிறத்தையும் பருத்த உடலையும் பழிப்பது. சிறுமியாக இருந்தபோது இதே திண்டுக்கல்லில் அப்படத்தைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தவள் நான். இப்போது முன்வரிசையில் ஒரு மாணவி மட்டும் தலைகுனிந்து குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, "அம்மா, அடுத்த முறையும் சபாபதியையே போடுங்கள்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு பேராசிரியர் உரையை மீண்டும் எடுத்தேன். எள்ளலை அவர் இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தானும் நகுதல் மற்றொன்று. பலகாலும் பாடம் சொன்ன பகுதிதான். ஆயினும் அதன் ஆழம் அன்றே விளங்கிற்று. எள்ளப்பட்டவரும் உடன்சேர்ந்து நகுவதற்கு இடம் தருகின்ற நகைச்சுவை மூப்படைவதில்லை. தமிழாசிரியரைக் கண்டு நான் சிரிக்க முடிந்தது. அந்த மாணவியோ சிரிக்க முடியவில்லை. அக்காட்சி இன்று பழுதடைந்ததென்று கூறுவதும் முழு உண்மையன்று. 1989இலும் அரங்கில் தலைகுனிந்து அமர்ந்திருந்தவர் சிலர் இருந்திருப்பர். அவர்களை நான் பார்க்கவில்லை.

அப்படியாயின் பழைய காட்சிகளை வெட்டி எறிந்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. நாம் எதற்கெல்லாம் சிரித்தோம் என்பதற்கு அவையே சான்று. சான்றை அழித்துவிட்டால் நாம் மாறியிருக்கிறோமா என்பதை அறிய வழியில்லை. அவற்றைப் பார்ப்போம், பார்த்தபின் அவற்றைப் பற்றிப் பேசுவோம். ஆனால் வகுப்பில் காட்டும்போது முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் யார் என்பதை எண்ணிக் காட்டுவோம்.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வட்டத்துக் கவியரங்குகளில் அங்கதக் கவிதைக்கே கைதட்டல் மிகுதி. மனைவியை, மாமியாரை, ஊர்ப்பேச்சை, தொழிலைப் பழித்து எழுதப்பட்ட வரிகளுக்கு நானும் கைதட்டியிருக்கிறேன். இனி அத்தகைய வரியை எழுதும்போது, அது யாரைக் குறிக்கிறதோ அவரே எதிரில் அமர்ந்து கேட்பதாக எண்ணிப் படித்துப் பாருங்கள். அவரும் சிரிப்பாராயின் அவ்வரி நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் சிரிப்பைத் தரும்.