பழைய வண்டிக்கு விடை

மாடு வாங்கப் புறப்பட்ட நம் முன்னோர் சந்தைக்குப் போன மாத்திரத்தில் பணத்தை எடுத்து நீட்டியதில்லை. சுழி பார்த்தனர், பல்லைப் பிடித்து வயது கண்டனர், நாலடி நடக்கவிட்டு நடை பார்த்தனர், ஏரிலோ வண்டியிலோ பூட்டிப் பார்த்த பிறகே துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினர். அவர்கள் வழிவந்த நாமோ, பதினைந்து லட்ச ரூபாய் கொடுத்து மோட்டார் வண்டி வாங்கும்போது அதன் வண்ணத்தைப் பார்க்கிறோம். முகப்பிலுள்ள திரையின் அகலத்தைப் பார்க்கிறோம். கூரையில் கண்ணாடிச் சாளரம் உண்டா என்று கேட்கிறோம். நடையை மட்டும் பார்க்க மறந்துவிடுகிறோம். அண்மையில் நாங்களும் அந்த மறதிக்கு ஆளாக இருந்தோம். எங்களைத் தடுத்தாட்கொண்டது திம்பம் மலைச்சாலை.

நாங்கள் மைசூரில் குடியிருப்பவர்கள். பிறந்த ஊரும் உறவினரும் கொங்கு நாட்டில். திருமணம், காதுகுத்து, துக்கம் என்று ஆண்டில் ஆறேழு முறையாவது சாமராஜநகர் வழியாகச் சத்தியமங்கலம் இறங்கிக் கோவைப் பக்கம் போய்வருவது எங்கள் வழக்கம். 2012-ஆம் ஆண்டில் வாங்கிய டீசல் எஸ்.யூ.வி. ஒன்று இத்தனை காலமும் எங்களைச் சுமந்தது. அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. நடந்ததற்கு வண்டியைச் செய்தவர் பொறுப்பாளி அல்லர்.

கடந்த ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் திம்பத்திலிருந்து பண்ணாரி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை அது. வனவிலங்குகளின் நலம் கருதி, 2022 முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மைசூரிலிருந்து உதகை செல்லும் பந்திப்பூர்ச் சாலையிலும் 2009 முதல் இரவு ஒன்பது மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை பொது வாகனங்களுக்குத் தடை. ஆகவே மைசூரிலுள்ள தமிழர் எவரும் தெற்கே புறப்பட்டால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறோம். அன்றும் அந்த அவசரமே எங்களைப் பிடித்திருந்தது. பத்துப் பன்னிரண்டு வளைவுகள் தாண்டியபின் பிரேக்கை மிதித்தால் மிதிகட்டை வழக்கத்தினும் ஆழமாக இறங்கியது. அடுத்த வளைவில் இன்னும் ஆழமாக இறங்கியது. பின்னிருக்கையில் எண்பதை நெருங்கும் எங்கள் தாயார் ஒன்றும் அறியாமல் கண்ணயர்ந்திருந்தார்கள். கியரைக் கீழே இறக்கி, கைபிரேக்கையும் மெல்லப் பற்றி, சாலையோரத்தில் அகலமான ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினோம். சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. அரைமணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரிலேயே ஊர்ந்து பண்ணாரி அம்மன் கோயில் வாசலை அடைந்தபோதுதான் மூச்சு வந்தது.

மைசூருக்குத் திரும்பியதும் எங்கள் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினோம். அவர் சொன்ன உண்மை கசந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். மலையிறக்கத்தில் ஓயாமல் பிரேக் மிதிக்க, அந்த வெப்பத்தில் ஈரம் ஆவியாகிக் குழாயில் குமிழியிடும். அப்போது மிதிகட்டைக்கு எதிர்ப்பே இராது. இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றியிருந்தால் இது நேர்ந்திராது. நாங்கள் அதை மாற்றி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எங்களுக்கே நினைவில்லை. பழியை வண்டியின் முதுமைமேல் போட்டுவிட்டுப் புதியது வாங்கக் கிளம்பியவர்களுக்கு இது நல்ல சூடு.

பிழை எங்களுடையதானால் வண்டியை ஏன் மாற்ற வேண்டும்? இந்தக் கேள்வியை வீட்டில் பல நாள் ஆராய்ந்தோம். சொந்த உபயோக வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்த் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு டீசல் வண்டிகளுக்கு வந்த நெருக்கடி கர்நாடகத்தில் இல்லை. ஆனால் எங்கள் பழைய வண்டியில் காற்றுப்பை ஒன்றுகூட இல்லை. ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமானது 2019-இல். பக்கத்தில் அமர்பவருக்கு 2021-இல். பின்னிருக்கையின் நடுவிடத்திலோ இடுப்புப் பட்டை மட்டுமே. பிரேக்கைப் பழுது பார்க்கலாம். பிறக்கும்போதே இல்லாத பாதுகாப்பைப் பிற்பாடு பொருத்த முடியாது. ஆகவே மாற்றுவது என்று முடிவாயிற்று.

எந்த வண்டி என்பது அடுத்த கேள்வி. ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமும், ஐவர் அமரும் இடமும், உயர்ந்த அடித்தளமும் கொண்ட நடுத்தர எஸ்.யூ.வி. என்னும் வகை நம் நாட்டில் பெருகியது இந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள்தான். 2012-இல் வந்த ரெனோ டஸ்டர் அதற்குப் பாதை போட்டது. 2015-இல் வந்த ஹூண்டாய் கிரெட்டா அதை நெடுஞ்சாலையாக்கியது. முன்னது சென்னைக்கு அருகே ஓரகடத்திலும் பின்னது இருங்காட்டுக்கோட்டையிலும் உருவானவை என்பது வெளிமாநிலத் தமிழராகிய நமக்கு ஒரு சிறு பெருமை. நாம் குடியேறிய ஊரும் மோட்டார்த் தொழிலில் பின்தங்கியதன்று. ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்படும்வரை ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் மைசூரிலிருந்தே நாடெங்கும் சென்றன. பெங்களூர் செல்லும் வழியிலுள்ள பிடதியில் 2022 முதல் டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும் ஒரே கூரையின்கீழ்த் தயாராயின.

ஆலை அருகில் இருப்பதனால் மட்டும் வண்டி நமக்குத் துணையாகிவிடாது. மறைமலைநகரில் ஆலை நடத்திய ஃபோர்டு நிறுவனம், 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. டஸ்டரின் விற்பனையும் 2022-இல் நின்றது. செய்பவர் கடையைக் கட்டினாலும் வண்டி பத்தாண்டு ஓடியாக வேண்டும். எனவே மைசூரில் பணிமனை உண்டா, சத்தியமங்கலத்திலோ ஈரோட்டிலோ வண்டி நின்றுபோனால் அருகில் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று முதலில் விசாரித்தோம். இரண்டு ஊர்களுக்கிடையே வாழ்பவர்கள் இரண்டு ஊர்களிலும் கேட்டறிவது அவசியம்.

எரிபொருளைப் பற்றி வீட்டில் பெரிய வாதமே நடந்தது. மலையேற்றத்துக்கும் நெடுந்தூரத்துக்கும் டீசல் எஞ்சினுக்கு நிகரில்லை என்பது பழைய அனுபவம். ஆனால் 2020 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்குப் பின் டீசல் வண்டியின் புகைப்போக்கியில் கரித்துகள் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேரும் கரி எரிந்து தூய்மையாக வேண்டுமானால், வண்டி இடைவிடாது சற்றே விரைவாக ஓடிச் சூடேற வேண்டும். மாதம் முழுவதும் தேவராஜ மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டுபவர்களுக்கு அது அடைத்துக்கொண்டு தொல்லை தரும். எங்கள் ஓட்டம் பெரும்பாலும் அத்தகையதே.

பெட்ரோல் வண்டி எளியது, விலையும் குறைவு. இன்று பங்குகளில் கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு. ஆதலால் தூரம் சிறிது குறையும். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் இக்கலவைக்கு ஏற்ற பாகங்களுடன் வருகின்றன. பழைய வண்டியொன்றை இரண்டாம் கையாக வாங்குவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வண்டி, நகர நெரிசலில் நின்று நின்று போகும்போதுதான் தன் சிக்கனத்தைக் காட்டும். பிரேக் மிதிக்கையில் வீணாகும் விசையை மின்னாக்கிச் சேமிக்கும். ஆயினும் இரண்டு செய்திகள் அறியத்தக்கவை. ஒன்று, மின்கலம் இடத்தை எடுத்துக்கொள்வதால் சில வண்டிகளில் பின்புறப் பொருளறை சுருங்கிவிடும். ஊரிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றிவரும் நமக்கு இது சிறிய விஷயமன்று. மற்றொன்று, நீண்ட மலையிறக்கத்தில் சிறிய மின்கலம் விரைவில் நிறைந்துவிடும்; அதன்பின் எஞ்சினின் இழுவிசையைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும். முழுதும் மின்சாரத்தில் ஓடும் வண்டியிலும், மின்கலம் நிறைந்த நிலையில் மலையுச்சியிலிருந்து புறப்பட்டால் இதே குறை உண்டு. வண்டி எவ்வளவு புதியதானாலும் மலைச்சாலையின் இலக்கணம் மாறுவதில்லை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

விலைக்கணக்கைத் துணைவியார் எடுத்துக்கொண்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகை வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 40 விழுக்காடாயிற்று. முன்னர் இழப்பீட்டுத் தீர்வையும் சேர்ந்து 43 முதல் 50 வரை இருந்தது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் வண்டிகளுக்கு 18, மின்வண்டிக்கு 5. இதற்குமேல் மாநிலத்தின் ஆயுள் வரி. 2025-இல் கர்நாடகத்தில் 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்கு 17 விழுக்காடு; தமிழ்நாட்டில் 15. பதினைந்து லட்ச ரூபாய் வண்டிக்கு 17 விழுக்காடு என்றால் 2,55,000 ரூபாய். விளம்பரத்தில் காணும் விலையை நம்பிப் பணம் சேர்ப்பவர்கள் கடைசி நாளில் திகைப்பது இதனால்தான்.

வெளிமாநிலத்தில் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை மற்றொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். அங்குள்ள வரியையும் செலுத்த வேண்டும். ஊரில் அண்ணன் பெயரில் வாங்கி இங்கே ஓட்டிக்கொள்ளலாம் என்னும் யோசனை ஆதாயம்போல் தோன்றும். சாலையில் மறிக்கப்படும் நாளில் அது நட்டமாகும். அடிக்கடி மாநிலம் மாறும் அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் 2021-இல் பி.ஹெச். என்னும் பாரத் வரிசை அமைந்தது. தமக்கு அது பொருந்துமா என்பதை வாங்குமுன்னே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நன்று.

பாதுகாப்பில் எங்களுக்குக் கைகொடுத்தது பாரத் என்.சி.ஏ.பி. என்னும் மோதல் சோதனை. 2023 அக்டோபர் முதல் நடைபெறும் இச்சோதனையில், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை முன்புறமாக மோதவிட்டுப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை நட்சத்திரம் என்று தனித்தனியே வெளியிடுகிறார்கள். மகன் கேட்ட கண்ணாடிக் கூரைக்கும் பெரிய திரைக்கும் உரிய தொகையைக் கழித்தால், ஆறு காற்றுப்பையும் பின்னிருக்கையில் மூவருக்கும் முழுப் பட்டையும் உள்ள வண்டி எங்கள் கைக்கெட்டியது. முதலில் மகன் முகம் வாடியது. திம்பத்தில் கருகிய வாடையை அவனும் முகர்ந்தவனாதலால் பின்னர் ஒன்றும் சொல்லவில்லை.

இறுதி முடிவு தாயார் கையில் இருந்தது. கடைக்கு அவர்களை அழைத்துச் சென்று நான்கு வண்டிகளில் ஏறி இறங்கச் சொன்னோம். ஒன்றில் இருக்கை மிக உயரம். மற்றொன்றில் கதவு குறுகல். இன்னொன்றில் பின்புறச் சாளரம் சிறிதாகி மூச்சு முட்டுவதுபோல் இருந்தது. நான்காவதில் கைப்பிடியைப் பற்றி ஒரே மூச்சில் ஏறி அமர்ந்து, “இதிலே முழங்கால் நோகவில்லை” என்றார்கள். அது ஒரு ஹைபிரிட் வண்டி. பொருளறை சிறியதுதான். அரிசி மூட்டையை இனி மைசூரிலேயே வாங்குவது என்று தீர்மானித்தோம்.

பழைய வண்டியை என்ன செய்வது? பதிவுபெற்ற உடைப்பகத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்றால், மாநில விதிக்கேற்பப் புதிய வண்டியின் வரியில் சலுகை உண்டு. எங்கள் வண்டிக்கோ இன்னும் ஆயுள் இருந்தது. பிரேக் முழுவதையும் செப்பனிட்டு, திம்பத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லியே விற்றோம். கேட்ட விலையில் சிறிது குறைந்தது. ஆனால் இரவில் உறக்கம் குறையவில்லை. பணம் வந்ததோடு விட்டுவிடாமல், பதிவுப் புத்தகம் வாங்கியவர் பெயருக்கு மாறும்வரை அலுவலகத்துக்கு அலைந்தோம். பதிவில் எவர் பெயர் உள்ளதோ, விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. விற்ற வண்டியின் பாவம் நம் பெயரிலேயே தொடர இடம் தரலாகாது.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பவர் உண்டு. புதிய வண்டி வீட்டுக்கு வந்த அன்று நாங்கள் செய்த முதற்காரியம், பிரேக் எண்ணெய் மாற்ற வேண்டிய நாளைச் சமையலறை நாட்காட்டியில் குறித்துவைத்ததே. அடுத்த முறை திம்பம் இறங்கியபோது ஒரு மணி நேரம் முன்னதாகவே மைசூரை விட்டோம். தாயார் வழக்கம்போல் பின்னிருக்கையில் கண்ணயர்ந்தார்கள். பண்ணாரியில் வண்டியை நிறுத்திச் சக்கரத்தருகே கை வைத்துப் பார்த்தோம். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.