எல்லாக் குழந்தைகளும் விடையெழுதக்கூடிய கேள்வி

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் அமர்ந்திருக்கும் இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்தது என் பாடத்துக்காக அல்ல, என் மகளுக்காக. அவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் திருமணம் செய்துகொள்ளாதவள். அவளை மூன்றரை வயதில் தத்தெடுத்தேன்.

இங்கே பேச வருவதற்கு முன் அவளிடம் அனுமதி கேட்டேன். "எவ்வளவு சொல்லுவம்மா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "ஒடிசான்னு சொல்லலாம். அதுக்கு மேல வேணாம்" என்றாள். ஆகவே அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பலர் என்னிடம் தனியாகக் கேட்பது அதைத்தான். நம் நாட்டில் தனியாக வாழும் பெண் ஆண் குழந்தையையும் தத்தெடுக்கலாம், பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனியாக வாழும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. 'காரா' என்னும் மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையத்தில் இணையவழியே பதிய வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வார். இரண்டு வயதுக்கு மேல் நான்கு வயது வரையுள்ள குழந்தை என்றால், தனியாகத் தத்தெடுப்பவருக்கு 45 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. எனக்கு நீதிமன்றம் ஆணை வழங்கியது. இப்போது மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை குழந்தையை வந்து பார்த்து அறிக்கை எழுதுவார்கள். ஆணை கிடைத்த நாளிலிருந்து அவள் எல்லா வகையிலும் என் பிள்ளை என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

சட்டம் இத்தனை தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்த குழந்தைக்கோ தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. தண்ணீரை 'பாணி' என்றாள், அது புரிந்தது. இரவானால் 'நிதொ, நிதொ' என்று அழுவாள். அது காப்பகத்தில் உடனிருந்த ஒரு தோழியின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். "நிதொ நாளைக்கு வருவா" என்று இரண்டு வாரம் பொய் சொல்லித் தேற்றினேன். எங்கள் பள்ளிக்கு அருகே செங்கல் சூளை இருக்கிறது. அங்கே ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தாயிடம் ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நிதொ என்றால் தூக்கமாம். நம் நித்திரைதான். தூக்கம் வருகிறது என்று சொன்ன பிள்ளைக்கு, இல்லாத ஒரு தோழியை வரவழைப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் மகள் மாநில எல்லையைத் தாண்டி வந்தவள். நம் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கும் இத்தாலிக்கும் தத்துப்போகும் குழந்தைகள் கடலையே தாண்டுகிறார்கள். அந்தத் தத்தெடுப்புகளில் நடந்த முறைகேடுகளைக் குறித்து லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்று, 1984இல் நெறிமுறைகளை வகுத்தது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. முதலில் சொந்த நாட்டிலேயே குடும்பம் தேட வேண்டும், கிடைக்காதபோதுதான் வெளிநாடு என்பது அதன் அடிப்படை. பிறந்த இடத்தின் மொழியும் முகங்களும் ஒரு குழந்தைக்குச் சொத்து என்பதை இந்த விதிகள் ஒப்புக்கொள்கின்றன. பதினெட்டு வயது நிரம்பியதும், தான் எங்கிருந்து வந்தோம் என்று விசாரிக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கே உண்டு.

இனி, பள்ளியில் நடந்தது.

சென்ற பருவத்தில் ஒரு நாள் மாலை என் மகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். குடும்பப் படம் ஒட்ட வேண்டும். தாளில் ஏற்கெனவே கட்டங்கள் போட்டு, அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று எழுதியிருந்தது. அம்மா கட்டத்தில் என் படம். அப்பா கட்டத்தில், செய்தித்தாளிலிருந்து கத்தரித்த யாரோ ஒரு மனிதரின் படம்.

"யாருடா இது?" என்றேன்.

"தெரியலம்மா. எந்தக் கட்டத்தையும் காலியா விடக்கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அந்த ஆசிரியரிடம் கோபமாகவே பேசுவது என்று முடிவு செய்து, என்னென்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகையும் பார்த்தேன். காலையில் என் வகுப்புக்கான குறிப்பேட்டைத் திறந்தபோது வாயடைத்துப்போனேன். அந்த வாரம் நான் எடுக்க வேண்டியிருந்தது மரபியல்.

மரபியலுக்கு நானாகச் சேர்த்துக்கொண்ட ஒரு செயல்பாடு உண்டு. நாக்கைச் சுருட்ட முடிகிறதா, காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று அப்பாவிடமும் அம்மாவிடமும் பார்த்து அட்டவணையில் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். ஆண்டுதோறும் கொடுத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் அதை வெற்றாகக் கொண்டுவந்தான். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று எல்லார் முன்னாலும் திட்டி, எழுந்து நிற்க வைத்தேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பாட்டியிடம் வளர்கிறான் என்பது ஆண்டு முடிவில்தான் எனக்குத் தெரிந்தது. அப்போதும் அவனிடம் போய் நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. என் மகளின் தாளைப் பார்த்த பிறகுதான், அவன் எத்தனை நேரம் நின்றான் என்பது எனக்கு உறைத்தது.

அந்தச் செயல்பாடு அறிவியலாகவும் சரியில்லை. நாக்கைச் சுருட்டுவது எளிய மரபுப் பண்பு என்று 1940இல் எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட். ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு அது முடிகிறது, மற்றவருக்கு முடிவதில்லை என்று பின்னர் தெரிந்தது. அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். காது மடலும் அப்படித்தான், ஒரே மரபணுவால் முடிவாவதில்லை. பெற்றோர் இருவருக்கும் ஒட்டிய மடல் இருந்து, பிள்ளைக்கு ஒட்டாத மடல் இருக்கலாம். அட்டவணை பொருந்தாத ஒரு பிள்ளை, 'அப்படியானால் நான் யார் பிள்ளை?' என்று கேட்டுக்கொண்டால் என்ன ஆவது? இப்போது அந்த அட்டவணையை விட்டுவிட்டேன். வகுப்பில் இருப்பவர்களுக்குள்ளேயே எத்தனை வேறுபாடுகள் என்று கணக்கெடுக்கச் சொல்கிறேன். பாரம்பரியத்துக்கு மெண்டலின் பட்டாணிச் செடி போதும்.

மகளின் ஆசிரியரைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் என் தவற்றைத்தான் முதலில் சொன்னேன். அவர் நல்ல ஆசிரியர். அந்தத் தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரே ஒரு மாற்றம் செய்தோம். கட்டங்களையும் அவற்றின் பெயர்களையும் எடுத்துவிட்டோம். கேள்வியை இப்படி எழுதினோம்: 'உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? உனக்குத் தலை வாரிவிடுவது யார்? உனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பது யார்? வரைந்து காட்டு.'

ஒரு குழந்தை அப்பாவுக்குப் பதில் கைப்பேசியை வரைந்ததாம். அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். ஒரு பையன் அத்தையை மட்டும் வரைந்தான். ஒருத்தி ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக்கொண்டாள். பெற்றோர் இருவரும் உடனிருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வியால் எந்தக் குறையும் இல்லை. இந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் விடை இருந்தது என்பதுதான் வேறுபாடு.

நண்பர்களே, இன்னும் இரண்டு வேண்டுகோள்கள்.

ஒன்று, படிவங்களைப் பற்றியது. என் மகளின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்று என் பெயர் மட்டும் இருக்கிறது. அவளுடைய முன்னெழுத்தும் என்னுடையதே. சேர்க்கையின்போது, "இனிஷியல் தப்பா இருக்கு போல" என்று வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும்படி ஒருவர் சொன்னார். திருமணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலேயே தன் குழந்தைக்குக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டுக்குக்கூடப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி மாறியது. தந்தை பெயர் இல்லை என்று ஒரு தாய் சொன்னால், சான்றிதழைப் பார்த்துக்கொண்டு அமைதியாக எழுதிவிடுங்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை.

மற்றொன்று, ஆசிரியர் அறையைப் பற்றியது. "சொந்தப் பிள்ளையா, எடுத்து வளர்க்கிறீங்களா?" என்ற கேள்வி அன்போடுதான் கேட்கப்படுகிறது. "பெரிய தியாகம்" என்ற பாராட்டும் அப்படித்தான். நான் தியாகம் எதுவும் செய்யவில்லை. எனக்கு ஒரு பிள்ளை வேண்டுமென்று ஆசைப்பட்டேன், கிடைத்தாள். விடைத்தாள் திருத்தும் பணி நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டு அக்காவைத்தான் கூப்பிடுகிறேன். உங்களில் பலருக்கும் உள்ள பாடுதான் அது. தத்தெடுப்பு ஆவணங்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது விதி. ஆவணத்தைப் பூட்டி வைத்துவிட்டுக் கதையை அறை முழுக்கச் சொல்லிவிட்டால் பூட்டினால் என்ன பயன்? அந்தக் கதை அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். எப்போது, யாரிடம், எவ்வளவு என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கட்டங்கள் இல்லாத அந்தத் தாளில் என் மகள் என்ன வரைந்தாள் என்று கேட்பீர்கள். என்னை வரைந்திருந்தாள். தன்னை வரைந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை, இடுப்பில் சாவிக்கொத்தோடு வரைந்திருந்தாள். தாளின் ஓரத்தில் நிறைய சன்னல்கள் உள்ள ஒரு கட்டடமும் இருந்தது. அது என்ன என்று அவளுடைய ஆசிரியர் கேட்கவில்லை. தாளை வாங்கி, மற்றத் தாள்களோடு சுவரில் ஒட்டினார். மூன்று நாள் கழித்து அவளே அவர் அருகில் போய் நின்று சொன்னாளாம்.

என்ன சொன்னாள் என்பதை நான் இங்கே சொல்ல மாட்டேன். அவளுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.